புயல் எச்சரிக்கை வந்ததும் சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் நடக்கும் தவறுகள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் இறங்கவும் வழியில்லை. அப்படியும், அடுத்த புயல் செய்தி வந்தால் பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும்தான் முதலில் ஓடுகிறோம். மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அக்டோபர் பிறந்தாலே இரண்டு வாரத்துக்கான மருந்து, ஊசி, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் ஆகியவை கையிருப்பில் இருக்கட்டும். டாக்டர் சீட்டையும் நனையாத உறையில் போட்டு அவற்றோடு வையுங்கள்.

கரண்ட் போனதும் இன்சுலினை ஐஸ்கட்டிமேல் வைப்பது பலரும் செய்வது. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், திரும்ப உருகினாலும் அதை நம்ப முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். அவ்வளவு பதற்றமும் தேவையில்லை. பெரும்பாலான இன்சுலின் வகைகள் 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். உங்களுடையதற்கு எவ்வளவு என்பது மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சின்னப் பாத்திரம் ஒன்றை இறக்கி, அதில் வைத்தால் போதும். கோடையில் குளிர்கிற அளவுக்கு மழைநாளில் அது குளிராது; அந்த அளவு குளிர்ச்சி அப்போது வேண்டியதும் இல்லை.

உயிருக்கே ஆபத்தான தவறு ஊசியில்தான் நடக்கிறது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜில், அதாவது மருந்துக் குழலில், 100 யூனிட். 40-க்கு சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. பேனா பழுதாகி, அவசரத்துக்குக் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்துப் போட்டால், உடம்புக்குள் போவது 50 யூனிட்! பக்கத்து வீட்டில் இன்சுலின் கடன் வாங்கும்போதும் லேபிளில் இருக்கும் எண்ணையும் ஊசி மூடியின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

"சாப்பாடே இல்லை, அப்புறம் மருந்து எதற்கு" என்று எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு. டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்கவே செய்யாத வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், பட்டினி கிடந்தாலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ வேறு கதை: அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். சாப்பிட முடியாத நாளில் எதை விடுவது, எதைத் தொடர்வது என்று மழைக்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் லட்டும் சாக்லேட்டும் வேண்டாம். கொழுப்பு கலந்த இனிப்பு ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்காதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கண்ணாடிச்சில்லு கிழித்ததுகூடத் தெரியாது. மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலை வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.