பருத் தழும்புக்கு கெமிக்கல் பீல்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கடலூரிலிருந்து தினமும் பாண்டிக்கு பைக்கில் போய்வரும் எனக்கு, அமிலம் தடவி மேல்தோலை உரியவைக்கும் இந்த பீல் நன்றாகவே பலன் கொடுத்தது. ஆனால் நம் ஊரில் பீலைவிட வெயிலைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை.

முதலில் உங்கள் முகத்தில் இருப்பது கறையா, குழியா என்று பாருங்கள். இருட்டறையில் செல்போன் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தால், குழி இருக்கிற இடத்தில் நிழல் விழும். நிழலே இல்லாமல் கருப்பாக மட்டும் தெரிந்தால் அது கறை; கிளைகாலிக், சாலிசிலிக், மாண்டெலிக் அமில பீல்களுக்கு நன்றாகக் கேட்கும். ஆழமில்லாத குழியும் கொஞ்சம் தேறும். ஊசியால் குத்தியது போன்ற ஒடுங்கிய ஆழக்குழிக்கு இவை போதாது, அடர்த்தியான டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தை அந்தக் குழிக்குள் மட்டும் வைக்கிற கிராஸ் முறையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும்.

ஆன்லைனில் 70% கிளைகாலிக் கிடைக்கிறது, தயவுசெய்து வாங்காதீர்கள். அது தானாக நிற்காது, சரியான நிமிடத்தில் சோடா பைகார்பனேட் கரைசல் போட்டு நிறுத்த வேண்டும், தவறினால் நம் மாநிறத் தோலில் பழையதைவிட அடர்ந்த கறை விழும். தோல் டாக்டரிடமே போங்கள். பாண்டி ஜிப்மரிலும் தோல் பிரிவு இருக்கிறது. பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கர்ப்பம், ஆஸ்பிரின் அலர்ஜி, உதட்டோரம் அடிக்கடி வரும் கொப்புளம், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் பீலுக்கு என் ஓட்டு மாண்டெலிக்குக்குத்தான், தோலுக்குள் மெதுவாக இறங்கும், எரிச்சல் குறைவு.

பீலுக்கு 2 முதல் 4 வாரம் முன்பே சன்ஸ்கிரீனும், டாக்டர் எழுதித் தரும் இரவுக் களிம்பும் தொடங்கிவிடும். அந்தக் களிம்பைப் பீலுக்குச் சில நாள் முன்பு அவர் சொல்கிறபோது நிறுத்த வேண்டும். த்ரெட்டிங், வேக்சிங் அந்த வாரம் வேண்டாம்.

எனக்கு அதிகம் சிரமம் கொடுத்தது பீலுக்குப் பிந்தைய வாரம். மூன்றாம் நாள் வாக்கில் வாயோரம் தோல் உரிய ஆரம்பிக்கும், கை தானாக அங்கே போகும், பிய்க்கவே கூடாது, பிய்த்த இடம் கறுக்கும். ஹெல்மெட் பட்டை தாடையில் உரசுவதால் அந்த நாட்களில் நான் பஸ்ஸில் போனேன், அதுவும் நிழல் விழுகிற பக்க ஜன்னலில். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், எஸ்பிஎஃப் 30க்கு மேல் சன்ஸ்கிரீன், வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. நிறம் கலந்த சன்ஸ்கிரீன்தான் எனக்குப் பிடித்தது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கடலூர் சில்வர் பீச் பக்கம் மாலையில் போய்க்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: சாலிசிலிக் போட்டதும் முகம் வெள்ளையாகிவிட்டதே, வெந்துவிட்டதா என்று ஒருவர் பயந்து கேட்டிருந்தார். அது அமிலம் உப்புப் பூத்தது போலப் படிவது, துடைத்தால் போய்விடும். கொப்புளமோ நீர்வடிதலோ இருந்தால் மட்டும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, எத்தனை தடவை? பொதுவாக 2 முதல் 4 வார இடைவெளியில் 4 முதல் 6 தடவை, அதனால் அக்னி நட்சத்திரம் நடுவில் வராதபடி கார்த்திகை வாக்கில் தொடங்குங்கள்.