கால் முறிந்தவரை லயத்து வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். என் வீட்டுக்காரி மழை நாளில் கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்ததில் கீழ்க்கால் எலும்பு இரண்டும் முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முதல் ஒபரேஷனில் பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு புண்ணில் கிருமி ஏறியது. திரும்பவும் திறந்து, கழுவி, பிளேட்டை எடுத்துவிட்டு, காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் போட்டார்கள். இப்போது நடக்கிறாள். நான் ஃபெக்டரியில் வேலை செய்கிறவன், வைத்தியம் படித்தவன் இல்லை. ஒரு காம்பராவும் (அறையும்) ஸ்தோப்பும் (முன் திண்ணையும்) உள்ள வீட்டில் ஒருவரைப் பார்த்து எடுக்கும் குடும்பத்துக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வார்டிலிருந்து கிளம்பும் முன் சில விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலில் பாரம் வைக்கலாமா, எவ்வளவு வைக்கலாம்? மருந்து கட்டுவது எங்கே, எத்தனை நாளுக்கு ஒரு தடவை? கிருமிக்குத் தரும் மாத்திரை எத்தனை நாளைக்கு? அடுத்த கிளினிக் என்றைக்கு? டயக்னோசிஸ் கார்டையும் (என்ன வருத்தம், என்ன வைத்தியம் என்று வார்டில் எழுதித் தருவது) எக்ஸ்ரேயையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். வலியை இன்னொரு மொழியில் சொல்லும்போது பாதிதான் போய்ச் சேரும். எங்களுக்குப் பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர் வந்தார். அவர் வர முடியாத நாளுக்காக முக்கியமான நாலைந்து வசனங்களைச் சிங்களத்தில் சொல்லித்தந்து, தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொடுத்தார். மகள் அதைப் பார்த்து வாசித்தே சமாளித்தாள்.

வீட்டில் கட்டிலை அடுப்படிப் புகை வராத பக்கம் போடுங்கள். முறிந்த கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் வீக்கம் வடியும். கம்பளியைச் சுருட்டிக் கெண்டைக்கால் முழுவதும் தாங்குகிற மாதிரி வைத்து, குதிகால் எதிலும் அழுந்தாமல் விடுங்கள். குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அங்கே புதுப் புண் வரும். முதுகும் இடுப்பும் அப்படித்தான். எழுந்து உட்கார முடியாத நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரண்டு படுக்க உதவ வேண்டும்.

கக்கூஸ்தான் பெரிய பாடு. எங்களுடையது வீட்டுக்குப் பின்னால், படி இறங்கிப் போக வேண்டும். மழையில் அந்தப் படி பாசி பிடித்துக் கிடக்கும். மைத்துனர் ஒரு கனமான பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, கீழே வாளி வைத்துத் தந்தார். கதிரை வழுக்காமல் இருக்க ஈரமில்லாத சாக்கு விரித்தோம். சேலையை மறைப்பாகக் கட்டி, அந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவோம். இதற்குக் கூச்சப்பட்டே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். வலி மாத்திரை சில மலச்சிக்கல் தரும், தண்ணீரும் குறைந்தால் இன்னும் கஷ்டம். பக்கத்தில் போத்தல் வைத்து, குடித்தாரா என்று பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் பெண்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்லங்க” என்பார்கள். வேலைக்குப் போகாததால் அன்றன்றைய பேர் (நாள் சம்பளம்) போகிறது, மகன் கொழும்புக் கடையில் லீவு கேட்க வேண்டி வருகிறது, எல்லாம் தன்னால்தான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருப்பார்கள். ஆகவே கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். “நேற்றை விடக் கூடவா, குறைவா?” “ராத்திரி வலியில் முழிப்பு வந்ததா?” “விரலை அசைத்துக் காட்டு, மரத்த மாதிரி இருக்கா?” இப்படிக் கேட்டால் பரவாயில்லை என்று பதில் சொல்ல முடியாது. என் மகள் ஒரு கொப்பியில் காலையும் மாலையும் இதையெல்லாம் எழுதினாள். காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, அதன் அளவையும் எழுதினாள். ஒபரேஷன் ஆன வலி நாளாக நாளாகக் குறைய வேண்டும். அவளுக்குக் குறைந்து வந்த வலி திரும்பவும் ஏறுகிறது என்று கொப்பிதான் காட்டியது. அன்று சாயந்தரம் அவள், “குளிர் சேரல, ஒன்னும் இல்ல” என்றாள். கருவியில் 38.6 டிகிரி செல்சியஸ். புண்ணுக்குப் போட்ட கட்டிலிருந்து ஒரு வாடையும் வந்தது. விடியும்வரை காத்திருக்காமல் வண்டி பிடித்தோம். இரண்டாவது ஒபரேஷனில் கால் தப்பியது.

காய்ச்சல் 38க்கு மேல் போனால், புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவினால், சீழோ கெட்ட வாடையோ வந்தால், வலி கூடிக்கொண்டே போனால், அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். மாக்கட்டு (பிளாஸ்டர்) போட்டிருப்பவருக்கு வலி தாங்க முடியாமல் ஏறி, விரல்கள் மரத்துப்போனால் அது அவசரம், உடனே போக வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தோட்டத்து ரோட்டில் வண்டி எதுவரை வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அங்கே ஒருவரை நிறுத்துங்கள்.

புண்ணில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் வேண்டாம். முறிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு நீவலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே இரும்பும் திறந்த புண்ணும் உள்ள காலை நீவக் கூடாது. கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களை நர்ஸ் மிஸ் எப்படிக் காட்டித் தந்தாரோ அப்படியே, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு, கம்பிக்கு ஒரு புதுப் பஞ்சு எடுத்துத் துடையுங்கள். கிருமி மாத்திரையை, புண் காய்ந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். பெனடோல் (பரசிட்டமோல்) 500 மில்லிகிராம் மாத்திரை வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, டொக்டர் குறைத்துச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான். தடிமனுக்கு (சளிக்கு) என்று கடையில் வாங்கும் மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். முட்டை தின்றால் சீழ் பிடிக்கும் என்று என் அத்தையே முதலில் தடுத்தார். உண்மையில் புண் மூடவும் எலும்பு ஒட்டவும் முட்டை, பருப்பு, கடலை, நெத்தலி, பால் எல்லாம் வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் நல்லது. கிளினிக்கில் டொக்டர் சொன்னதைத் தம்பி தமிழில் சொன்ன பிறகு, அத்தையே தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார். சீனி வருத்தம் (நீரிழிவு) இருப்பவர் அதைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் புண் ஆறாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் பீடியும் எலும்பு ஒட்டுவதைத் தாமதமாக்கும். வெற்றிலையை விடச் சொல்வது கடினம், முதலில் புகையிலையை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஹோர்லிக்ஸோடு வருவார்கள், கட்டில் ஓரத்தில் உட்காருவார்கள், யாருக்கோ கால் எடுத்த கதையைச் சொல்வார்கள். ஸ்தோப்பில் பாய் போட்டு அங்கேயே உட்கார வையுங்கள். தேத்தண்ணி கொடுங்கள். அந்தக் கதைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். உதவி செய்யட்டுமா என்று கேட்பவருக்கு உடனே ஒரு வேலை சொல்லுங்கள்: பீலியில் தண்ணீர் பிடித்துத் தர ஒருவர், விறகுக்கு ஒருவர், கிளினிக் நாளில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஒருவர். ஒருவரே இரவும் பகலும் பார்த்தால் அவரும் படுத்துவிடுவார். நாங்கள் ராத்திரி முறையை நானும் அத்தையும் மாற்றி மாற்றி எடுத்தோம். மகன் ஓட்டோவுக்கும் மருந்துக்கும் காசு அனுப்பினான். அதுவும் பக்கத்தில் இருப்பதற்குச் சமம்தான், அப்படியே அவனிடம் சொன்னேன்.

படுத்திருப்பவருக்கும் ஒரு பொறுப்பு வேண்டும். லயத்துச் சீட்டு என் வீட்டுக்காரி பிடிப்பது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவோமா என்று பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்றேன். மாதம் பிறந்தால் பெண்கள் அவள் கட்டிலைச் சுற்றி வந்து காசு கட்டுவார்கள், அவள் கொப்பியில் எழுதுவாள். அந்த நாளில் அவள் முகமே வேறு. ராத்திரியில் அழுவாள். அழ விட்டோம், பக்கத்தில் உட்கார்ந்தோம். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் பேச்சும் போய்விட்டால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

பிசியோதெரபியில் சொன்ன பயிற்சியை வீட்டில் யாராவது கூட இருந்து எண்ணினால்தான் நடக்கும். கிரச்சஸின் பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும், அக்குளில் அல்ல. அக்குளுக்கும் கட்டைக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். நம் தோட்டங்களில் எங்கே போனாலும் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கிரச்சஸும் முறிந்த காலும் முதலில். உதவுகிறவர் ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலும், ஒரு படி கீழே நிற்க வேண்டும். பனி விழுந்த காலையிலும் மழையிலும் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்தில் விழுந்தவர் என்றால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. விழுந்த நாள், மலையின் (கொழுந்து எடுக்கும் பகுதியின்) நம்பர், பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் சூட்டோடு எழுதி, தோட்ட ஆபீசில் விபத்தைப் பதியச் சொல்லுங்கள். சங்கத் தலைவரையும் கூட்டிப்போங்கள். திரும்ப வேலைக்குப் போகும்போது, எலும்பு ஒட்டியிருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்த டொக்டரிடம் இலேசான வேலை என்று கடிதம் கேளுங்கள். அதன் போட்டோ பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மூலத்தை ஆபீசில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.