கணினி பற்றிய மனப்பாங்கைப் பாடசாலையில் கேட்டறிவது எப்படி?

"கம்பியூட்டர் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளும் ஓம் என்பார்கள், ஆசிரியர்களும் ஓம் என்பார்கள். அந்த விடையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை நான். இந்தத் தலைப்பில் செயற்திட்டம் செய்ய வரும் ஆசிரிய பயிலுநர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

பயம், தன்னம்பிக்கை, விருப்பம் மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். 1984இல் லோய்ட், கிரெசார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட கணினி மனப்பாங்கு அளவுத்திட்டமும் இவற்றைத் தனித்தனியாகவே அளந்தது. ஒரே ஆளிடம் விருப்பமும் பயமும் சேர்ந்தே இருக்கும். எங்கள் மூத்த டீச்சர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையின் படங்களை ஓயாமல் அனுப்புவார். தவணைப் பரீட்சை வினாத்தாள் என்றால் மட்டும், "பிள்ளை, இதை ஒருக்கா அடிச்சுத் தாங்கோ" என்பார். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகிய கை. வேறு மெஷினில் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பிவிடுமோ என்று பயம். எல்லாப் புள்ளியையும் ஒன்றாகக் கூட்டினால் அவர் "நடுநிலை" என்று வந்து நிற்பார். அது பெரிய பிழை.

வினாக்கொத்தின் கூற்றுகளைச் செயலோடு சேர்த்து எழுதுங்கள். ஆசிரியருக்கு: "பாடத்தின் நடுவில் புரொஜெக்டர் நின்றால் பதறிப்போவேன்." மாணவருக்கு: "தெரியாத பட்டனை அமத்திப் பார்க்கத் தயங்க மாட்டேன்." லிக்கேர்ட் முறையில், அதாவது "முற்றிலும் உடன்படுகிறேன்" (5) முதல் "சற்றும் உடன்படவில்லை" (1) வரை, ஐந்து தெரிவுகள் போதும். எதிர்மறைக் கூற்றுகளுக்குப் புள்ளியைத் திருப்ப மறக்க வேண்டாம்: 5 என்றால் 1, 4 என்றால் 2. போட்டோகொப்பி அடிக்க முன் தரம் 8 பிள்ளை ஒருத்தியிடம் வாசிக்கக் கொடுங்கள்; அவள் எங்கே தடுமாறுகிறாளோ அந்த வசனத்தை மாற்றுங்கள்.

வீட்டில் கணினி இருக்கிறதா, போன் மட்டும்தானா என்றும் கேளுங்கள். 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது அம்மாவின் போனிலேயே படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். கீபோர்ட்டைத் தொட்டே பழகாத பிள்ளையின் தயக்கத்தை வெறுப்பு என்று எழுதினால் அது அநியாயம்.

அதிபரின் அனுமதி எடுங்கள். தாளில் பெயர் வேண்டாம். ஆசிரியர்களின் தாள்களை மூடிய உறையில் வாங்குங்கள். சக ஆசிரியர் வாசிப்பார் என்று தெரிந்தால் பயத்தை யாரும் எழுத மாட்டார்கள்.

பிறகு ஒரு பாடவேளை ஆய்வுகூடத்தின் பின்வரிசையில் உட்காருங்கள். இரண்டு பேருக்கு ஒரு மெஷின் என்றால் மவுஸ் யார் கையில் இருக்கிறது, மற்றப் பிள்ளை என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளில் "விருப்பம்" என்று புள்ளடி போட்ட பிள்ளை பாடம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.