பேர் போடாத நிரல்கள்: வினவல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் ஒரு பேர் விழாமல் போனால் அந்த மாதம் ஒரு வீட்டின் கடைக் கணக்கே தடுமாறும். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சம்பள அறிக்கை தயாரிக்கிறவன் நான். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விதான் வினவல்; அதன் விடையில் வரும் நிரலுக்கு (column) தரவுத்தளம் தானாகச் சூட்டும் பெயரை நம்பாதீர்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அட்டவணையில் உள்ள நிரலை அப்படியே கேட்டால் அதன் பெயரே விடையிலும் வரும். கணக்கு ஏதாவது சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் தன் வழக்கப்படி நடக்கும். கிலோவை விலையால் பெருக்கினால் மைஎஸ்கியூஎல் அந்தக் கோவையையே பெயராக்கும். போஸ்ட்கிரெஸ் இரண்டு கேள்விக்குறிகளுக்கு நடுவே 'காலம்' (column) என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடும். எஸ்கியூஎல் சேர்வர் பெயரே வைக்காது. எஸ்கியூலைட்டோ, ஏஸ் (AS) என்ற சொல்லைப் போட்டுப் பெயர் வைக்காவிட்டால் எந்தப் பெயர் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை, பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்று தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

என் கைப்பட நடந்த தவறு ஒன்று. மொத்தக் கொழுந்துக்கு ஒரு கூட்டுத்தொகை, மேலதிகக் கிலோவுக்கு இன்னொன்று. ஒரே வினவலில் இரண்டையும் பெயர் வைக்காமல் கேட்டிருந்தேன். போஸ்ட்கிரெஸ் கணக்கிடும் சார்பின் (function) பெயரையே நிரலுக்கும் வைக்கும் என்பதால் இரண்டுக்கும் 'சம்' (sum, கூட்டுத்தொகை) என்றே பெயர் விழுந்தது. விடையை, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு மட்டும் வைக்கும் பைத்தான் அகராதியில் போட்டபோது, ஒரே பெயரில் வந்த இரண்டாவது எண் முதலாவதை அழித்துவிட்டது. 412 கிலோ பறித்த ஒரு பெண்ணின் வரியில் மொத்தம் 38 என்று நின்றது. திரையில் ஒரு பிழைச்செய்தியும் இல்லை. சம்பளத்துக்கு முதல் நாள் கிளாக்கர் ஐயா செக்ரோலோடு ஒத்துப் பார்த்ததால்தான் அந்தப் பெண்ணின் உழைப்பு தப்பியது.

கமாவிலும் கண் வையுங்கள். ஏஸ் என்று எழுதாமலும் பெயர் வைக்கலாம் என்பதால், 'கிலோ, மேலதிகம்' என்பதில் கமா விடுபட்டால் வினவல் நிற்காமல் ஓடும். கிலோவின் எண்கள் மேலதிகம் என்ற தலைப்பின் கீழ் வந்து உட்காரும். நான் பார்த்தவற்றில் இதைவிட ஆபத்தான தவறு இல்லை.

பெயர் வைக்கும்போது அட்டவணையில் ஏற்கனவே உள்ள பெயரையே வைப்பதும் கூடாது. திகதியை மாதமாகச் சுருக்கி, அதற்கும் 'திகதி' என்றே பெயரிட்டு, வரிகளைத் தொகுக்கும் குரூப் பையில் (GROUP BY) அதைக் கொடுத்தால், போஸ்ட்கிரெஸ் அட்டவணையின் பழைய திகதியையே எடுத்துக்கொள்ளும். ஒரு வரியில் வரவேண்டிய ஆகஸ்ட், வேலை நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரியாக நீளும். விடையை வரிசைப்படுத்தும் ஓர்டர் பையில் (ORDER BY) மட்டும் நீங்கள் வைத்த பெயர் செல்லும்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், சுருக்கமாக வையுங்கள். போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட்தான் இடம். யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'மேலதிகக் கொழுந்தின் மொத்த நிறை' என்று எழுதினால், ஓர் அறிவிப்போடு 'மேலதிகக் கொழுந்தின் மொ' என்று வெட்டிவிடும். அங்கே நான் 'மேலதிகக்_கிலோ' என்று எழுதுகிறேன்.