சோடா ஃப்ரிட்ஜுக்குக் குழாய் வாங்கும்போது

காசிமேட்டில் எங்கள் வீட்டுப் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் குழாயைத் திறந்தால் இஞ்சி சோடா வரும். பீருக்கென்று செய்த குழாய்தான். உள்ளே இருப்பது இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்தான் என் பிழைப்பு, அதனால் மற்ற வேலையெல்லாம் சுலபமாக முடிந்தது. கோட்டை விட்டது குழாயில்.

முதலில் வாங்கியது பளபளவென்று இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எவர்சில்வர் என்று நம்பிவிட்டேன். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. புளிப்பைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்று அம்மா சொல்லாத நாளில்லை. சோடாவும் புளிப்புதானே, அதில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வாயுவே அமிலமாகிவிடும். மூன்றாம் மாதம் குழாய் வாய்க்குள் பச்சை. வெளியே உப்புக்காற்று பட்டு க்ரோம் முலாம் வேறு கொப்பளித்தது. ஆகவே கடையிலேயே வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஸ்.எஸ். 304 (எவர்சில்வரில் ஒரு ரகம்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். குழாயை மாட்டக் கதவுத் துளைக்குள் போகும் மரை போட்ட தண்டு, அதாவது ஷாங்க்கும், அதே எவர்சில்வராக இருக்க வேண்டும்.

அடுத்து, குழாய் எந்த இடத்தில் மூடுகிறது என்று பாருங்கள். பழைய வகையில் வால்வு பின்னால் இருக்கும். மூடியதும் முன்பாதி காற்றுபட்டுக் காயும். சர்க்கரை காய்ந்தால் கைப்பிடி நகராது, அப்புறம் எறும்பு வரும். முன்னால் மூடும் வகையே நல்லது. அதற்கும் ராத்திரியில் வாய்க்கு ஒரு மூடி போடுகிறேன்.

பீரை 10, 12 பிஎஸ்ஐ வாயு அழுத்தத்தில் ஊற்றுவார்கள். சோடாவுக்கு 30 பக்கம் வைக்க வேண்டும். அந்த வேகத்தில் டம்ளர் முழுக்க நுரைதான். ஓட்டத்தைக் குறைக்கும் சின்ன நெம்பு பக்கவாட்டில் உள்ள குழாயாக வாங்குங்கள். இல்லாவிட்டால் மெல்லிய ஹோஸை மீட்டர் கணக்கில் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும்.

ஷாங்க் வாங்கும் முன் கதவின் தடிமனை அளந்து, உள்பக்கம் நட்டுக்கும் ஹோஸுக்கும் இடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மரையும் ஐரோப்பிய மரையும் ஒன்றோடொன்று சேராது. குழாயையும் ஷாங்க்கையும் கடையிலேயே பூட்டிப் பார்த்துவிடுங்கள். துளை கதவில்தான். பல மாடல்களில் பக்கச் சுவருக்குள், குளிரூட்டும் கேஸ் போகும் கன்டென்சர் பைப் ஓடும். அங்கே துளைத்துவிட்டு, கேஸ் போன பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர்.

கைப்பிடிக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலும் 3/8 அங்குல மரைதான். என் மகனுடைய பழைய பம்பரத்தில் ஒரு நட்டை இறக்கி மாட்டியிருக்கிறேன்.