மாதிரி ரயில் பாதைக்கு வயரிங்: கடைசித் தண்டவாளம் வரை முழு வோல்ற்

மாதிரி ரயில் கொன்ரோலருக்குப் பக்கத்தில் பாய்ந்து ஓடி, பலகையின் மறு கோடிக்குப் போனதும் சோர்ந்துவிடுகிறதென்றால், உடனே என்ஜினைக் கழற்றாதீர்கள். அநேகமாகப் பிழை வயரிங்கில்தான் இருக்கும். வீட்டு வயரிங் என் தொழில். கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் யாழ்ப்பாணம் முதல் காங்கேசன்துறை வரையான பாதையை எச்ஓ அளவில் (அசலின் 87-இல் ஒரு பங்கு) சுவரோரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். தண்டவாளத்தை நம்பிக் கரண்டை அனுப்பக்கூடாது என்பதுதான் அதில் நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி.

முதலில் பிளக்கைப் பாருங்கள். இங்கே பலருக்கு ரயில் பெட்டி வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமிருந்துதான் வருகிறது. லண்டனிலிருந்து வந்தது நமது 230 வோல்ற்றுக்குச் சரி. கனடாவிலிருந்து வந்த கொன்ரோலர் பெரும்பாலும் 120 வோல்ற்றுக்குச் செய்தது. அடாப்டர் பிளக் மாட்டி அப்படியே செருகினால் எரிந்துபோகும். பின்பக்கத்தில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் இருந்தால் வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அல்லது இங்கேயே ஒரு 12 வோல்ற் டிசி (நேர் மின்னோட்ட) கொன்ரோலர் எடுங்கள். மெயின் கரண்ட் வரும் பக்கத்தை வீட்டில் நீங்களாகக் கட்ட வேண்டாம். மூடிய அடாப்டரையே பாவியுங்கள், அந்த பிளக் பொயின்ற் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக வருகிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் கை வைக்கும் இடம் இது.

இனி முக்கியமான விஷயம். பெட்டியோடு வரும் இரண்டு வயரையும் ஒரே இடத்தில் மாட்டினால், மிச்சப் பாதை முழுவதற்கும் கரண்ட் தண்டவாளத்தின் வழியாகவும் அவற்றை இணைக்கும் சின்னத் தகட்டு மூட்டுகளின் வழியாகவும்தான் போக வேண்டும். வாய்க்காலின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போகிற கதைதான். நிக்கல் சில்வர் தண்டவாளத்தின் தடை செம்பைவிடப் பல மடங்கு. மூட்டு நாள்போக்கில் தளரும், நம்முடைய உப்புக் காற்றில் கறுக்கும். ஆகவே பலகையின் அடியில் கொன்ரோலரிலிருந்து வரும் தடித்த இரண்டு மெயின் வயர்களை ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து ஒரு கிளை வயரை மேலே அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் என்று சொல்வதைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு மூட்டைச் சொல்டர் பண்ணி இரண்டு துண்டை ஒன்றாக்கினால் அந்தச் சோடிக்கு ஒரு கிளை போதும். எல்லா மூட்டையும் அப்படி ஒட்டிவிடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் தண்டவாளம் நீளும். மாரியில் பலகை ஊதும். இடையிடையே அசைய இடம் இருக்கட்டும்.

மெயின் வயருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர், கடையில் 7/0.53 என்று கேட்டால் தருவார்கள். கணக்கு இதுதான்: அந்த வயர் மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.012 ஓம். பலகை 6 மீற்றர் நீளமென்றால் போக வர 12 மீற்றர், மொத்தம் 0.14 ஓம். ஒரு அம்பியர் இழுத்தால் 0.14 வோல்ற்தான் குறையும். அதே தூரத்துக்கு 0.22 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயர் போட்டால் ஒரு வோல்ற்றளவு போய்விடும். ஒவ்வொரு என்ஜினுக்கும் தண்டவாளம் வழியாகவே டிஜிற்றல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில் மூன்று அம்பியர் ஓடும்போது அது மூன்று வோல்ற். கிளை வயர் மெல்லியதாக இருக்கலாம், ஆனால் ஒரு சாணுக்கு மேல் நீள விடாதீர்கள். நிறத்துக்குச் சிவப்பும் கறுப்பும் வையுங்கள். பிறவுணும் நீலமும் வீட்டு மெயின் கரண்டுக்கு உரியவை, பலகையின் அடியில் அவை வேண்டாம்.

கிளை வயரைத் தண்டவாளத்தில் ஒட்டும் விதம்: தண்டவாளத்தின் வெளிப்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே, சின்ன அரத்தால் பளபளக்கும் வரை சுரண்டுங்கள். உட்பக்கத்தில் ஒட்டினால் சில்லின் விளிம்பு இடிக்கும். வயர் நுனியை உரித்து முறுக்கி முதலிலேயே ஈயம் ஏற்றி, எல் வடிவில் மடித்து வையுங்கள். சொல்டர் பண்ணும் இடத்துக்கு இரு பக்கமும் ஈரத் துணித் துண்டு போட்டால் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்ரிக் குறுக்குக் கட்டை (சிலிப்பர்) உருகாது. 40 வாற் அயனை நன்றாகச் சூடேற்றி இரண்டு விநாடி மட்டும் தொட்டு எடுங்கள். சின்ன அயன்தான் ஆபத்து, அது சூடேற நேரம் எடுத்துச் சிலிப்பரையும் சேர்த்து உருக்கும். சொல்டர் பிடிப்பதற்கு அசிட் பேஸ்ற் பாவிக்காதீர்கள். அது பிறகு பச்சை பிடித்து வயரை அரிக்கும், ரொசின் போதும். கீழே மெயின் வயரில் ஒரு சென்ரிமீற்றர் உறையை மட்டும் உரித்துச் சுற்றி ஈயம் வையுங்கள். சிவப்பில் உரித்த இடமும் கறுப்பில் உரித்த இடமும் நேருக்கு நேர் வராமல் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும்.

வேலை சரியா என்று வோல்ற் மீற்றரை மட்டும் வைத்துப் பார்த்தால் தெரியாது. கரண்ட் ஓடாதபோது கெட்டுப்போன மூட்டிலும் 12 வோல்ற் காட்டும். மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்று எடுங்கள், 12 வோல்ற் 10 வாற். அதைத் தண்டவாளத்தின் குறுக்கே மாட்டி எரியவிட்டு அந்த இடத்திலேயே வோல்ற்றை அளவிடுங்கள். கொன்ரோலர் முனையில் பல்பை வைத்து அளந்ததற்கும் கடைசி முனையில் அளந்ததற்கும் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இடையில் ஒரு மூட்டோ ஒட்டோ சரியில்லை. டிசி கொன்ரோலர் உள்ளவர்கள் இப்படிப் பாருங்கள். டிசிசியில் சாதாரண மீற்றர் சரியாகக் காட்டாது.

டிசியில் இரண்டு ரயில் ஓட்ட வேண்டுமென்றால் பாதையைப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பொதுவாக விட்டு, மறு பக்கத்தை ஸ்டேசனுக்கு ஸ்டேசன் பிளாஸ்ரிக் மூட்டால் வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் கொடுக்கிறேன். யாழ்ப்பாணம், கோண்டாவில், சுன்னாகம் என்று சுவிட்சிலேயே பெயர் ஒட்டியிருக்கிறேன். கோண்டாவிலை அணைத்தால் அங்கே உள்ள வண்டி நிற்கும், மற்றது ஓடும். இரண்டு கொன்ரோலர் வைத்தால் இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் கட்டாயம். டிசிசியில் இந்த வெட்டல் தேவையில்லை, ஒவ்வொரு என்ஜினும் தன் இலக்கத்துக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். ஆனால் தடித்த மெயின் வயர் அங்கேதான் இன்னும் அவசியம்.

வண்டி வளைந்து வந்து அதே பாதையில் திரும்பி ஏறுகிற வளையம் வைத்தால் கவனம். இடது தண்டவாளம் போய் வலதில் முட்டும், உடனே சோட். வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, அந்தப் பகுதிக்குக் கூட்டல் கழித்தலை இடம் மாற்றும் சுவிட்ச் போடுங்கள். வெட்டிய பகுதி உங்கள் மிக நீளமான வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும்.

லைற், பொயின்ற் மோட்டார் (பாதை பிரியும் இடத்தில் தண்டவாளத்தை மாற்றும் மோட்டார்) எல்லாவற்றுக்கும் வேறு அடாப்டர், வேறு சோடி வயர், மஞ்சள் நிறம். சிசிரிவிக்கு விற்கும் 12 வோல்ற் 2 அம்பியர் அடாப்டர் லைற்றுக்கு நல்லது. கொயில் வகைப் பொயின்ற் மோட்டாருக்கு அமத்தினால் மட்டும் வேலை செய்யும் பொத்தான் வேண்டும், தொடர்ந்து கரண்ட் போனால் கொயில் எரியும்.

எல்லாம் முடிந்ததும் குற்றிச் சோதனை. கொன்ரோலரில் சோட்டுக்கு வெட்டும் வசதி இருந்தால்தான் இதைச் செய்யலாம். பாதையெங்கும் ஓர் அடிக்கு ஒரு தடவை ஐந்து ரூபாக் குற்றியைத் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு விநாடி வையுங்கள். வைத்தவுடன் கரண்ட் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் அந்த இடம் வரை தடை கூடிக் கிடக்கிறது. வண்டி தடம் புரண்டால் அங்கே சில்லும் பிளாஸ்ரிக்கும் சூடேறி உருகும். அந்தத் துண்டுக்கும் அதற்கு அடுத்ததற்கும் புதுக் கிளை வயர் கொடுத்து, குற்றியை மறுபடி வைத்துப் பாருங்கள்.