இடுப்பை விடுங்கள், பின்னால் இருக்கும் கதவைப் பாருங்கள்

விளம்பரப் படத்தைப் பார்த்து "நான் ஏன் இப்படி இல்லை" என்று டீன் ஏஜ் பிள்ளை முகம் வாடினால், "அதெல்லாம் பொய்" என்று சொல்லிப் பயனில்லை. போனில் ஓர் எடிட்டிங் ஆப்பைத் திறந்து உங்கள் படத்தையே (அவர்களுடையது வேண்டாம்!) திருத்தச் சொல்லுங்கள். இடுப்பை உள்ளே தள்ளினால் பின்னால் இருக்கும் கதவுச் சட்டமும் பல நேரம் சேர்ந்து வளையும். தோலை வழவழப்பாக்கினால் கன்னத்துப் பூனைமுடியும் மாயமாகிவிடும். அப்புறம் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும்.

பிரான்சில் 2017 முதல், மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரத்தில் 'திருத்திய படம்' என்று போட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் இப்படிப்பட்ட குறிப்புகளால் ஒப்பிடும் பழக்கம் பெரிதாகக் குறைவதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டின.

பிள்ளை சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கினால் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.